டப்பாவின் பின்பக்கம்

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கல் என்றால் ஆயுர்வேதம்தான் நினைவுக்கு வரும். 2023-இல் அந்த ஊர் வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டது. அங்குள்ள ஒரு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு வந்தவர்களில் சிலர் ஒரே மாதிரியான தொல்லைகளைச் சொன்னார்கள். உடம்பில் அசதி, லேசான வீக்கம், சிறுநீர் கழித்தால் நுரை. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் சவ்வு பழுதாகி, உடம்பில் தங்க வேண்டிய புரதம் வெளியேறிக்கொண்டிருந்தது.

2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இப்படிச் சவ்வு பழுதாகி வந்த 22 பேரின் விவரங்களை மருத்துவர்கள் தொகுத்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது 'நெல்-1' எனப்படும் அரிதான உட்பிரிவு. அந்தப் பதினைந்து பேரில் 13 பேர், துருவிக் கேட்ட பிறகு, சிகப்பழகு க்ரீம் பூசிவந்ததாகச் சொன்னார்கள். 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் இது கட்டுரையாக வந்தது. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினார்கள். ஒருவருக்கு மூளை ரத்தநாளத்தில் ரத்தம் கட்டி உறைந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்த இறங்கியதும் அதே 2023-இல்தான்.

'என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று டாக்டர் கேட்டால் யாரும் முகத்துக்குப் பூசும் க்ரீமைச் சொல்வதில்லை. அது மருந்துக் கணக்கில் வராது, பவுடர் கணக்கில் போய்விடும். நோயின் காரணம் சிக்காமல் நழுவுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நம் வீட்டுப் பேச்சில் 'கெமிக்கல்' என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஷாம்பு பாட்டிலில் 'பாராபென்' என்ற எழுத்தைப் பார்த்ததும் பதறிக் கீழே வைப்பவர், யார் தயாரித்தது என்றே தெரியாத வெளுப்பு க்ரீமை இன்ஸ்டாகிராமில் ஆர்டர் போடுகிறார். பயப்பட வேண்டிய இடமும் பயந்துகொண்டிருக்கும் இடமும் வேறு வேறாக இருக்கின்றன. எதற்கு எவ்வளவு கவலைப்படலாம் என்று பிரித்துக் காட்டுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

லேபிளில் எழுதாதது

மலப்புறத்துக் குற்றவாளி பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக ஒரு நொதி வேண்டும். பாதரச உப்பு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அதனால் இந்த க்ரீம்கள் வேலை செய்கின்றன, அதுவும் சீக்கிரமாக. 'பதினைந்து நாளில் பலன்' என்று வாங்கியவர் சொல்வது பொய்யல்ல. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கொடுக்கும் டப்பாவை மறுக்க முடியாமல் போவதற்கும் அந்தப் பலன்தான் காரணம். தோல் வழியே உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தில் சேர்கிறது. நரம்பு மண்டலத்தையும் அது விட்டுவைப்பதில்லை. கை நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை, மறதி என்று அது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவின் சேக்ரமென்டோ நகரில் 2019-இல் ஒரு பெண் நடை தடுமாறி, பேச்சு குழறி, மயக்கநிலைக்குப் போனார். அவருடைய ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய பாதரசம் 2,600-ஐத் தாண்டியிருந்தது. மெக்சிகோவிலிருந்து தெரிந்தவர்கள் வழியாக வந்த க்ரீமை அவர் பல ஆண்டுகளாகத் தினம் இரண்டு வேளை பூசிவந்திருக்கிறார். யாரோ அதில் பாதரசத்தைக் கலந்திருந்தார்கள். பூசாதவரும் தப்புவதில்லை. கலிபோர்னியாவில் 2010 வாக்கில் ஆராயப்பட்ட ஒரு குடும்பத்தில், க்ரீமைத் தொட்டே இராதவர்களின் சிறுநீரிலும் பாதரசம் அதிகமாக இருந்தது. துண்டு, தலையணை உறை, குழந்தையைத் தூக்கும் கை எனப் பரவ வழிகள் நிறைய.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, கண்ணுக்கான பொருட்கள் தவிர மற்றவற்றில், தற்செயலாக வந்து சேர்ந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது. கண்ணுக்கானவற்றில், கெடாமல் காக்க, 70 பங்கு வரை அனுமதி உண்டு. பாதரசத்துக்கு எதிரான உலக ஒப்பந்தமான மினமாட்டாவில் இந்தியா 2018-இல் இணைந்தது. 2023-இல் அந்த ஒப்பந்த நாடுகள் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்கள் எந்த அளவிலும் கூடாது, 2025-க்குள் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தன. ஆனால் திருட்டுத்தனமாக வரும் டப்பாவுக்கு எந்த ஒப்பந்தமும் தெரியாது.

ஆக, வாங்குபவர்தான் பார்க்க வேண்டும். பாதரசம் பாதரசம் என்ற பெயரில் எழுதப்படுவது அபூர்வம். 'கலோமெல்', 'மெர்க்யூரிக் அயோடைடு', 'மெர்க்யூரஸ் குளோரைடு', 'அம்மோனியேட்டட் மெர்க்யூரி', 'சின்னபாரிஸ்' எல்லாம் அதன் முகமூடிகள். பெரும்பாலும் அதுவும் இருக்காது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நல்ல துப்பு தருகிறது. க்ரீமைப் பூசும்போது தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் இவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டப்பாவில் எச்சரிக்கை இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பாதரசம் தங்கத்தோடு ஒட்டி அதை வெளுக்கச் செய்யும் என்பது நகைப் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. பூசிய பிறகு மோதிரம் வெள்ளையாகத் தெரிந்தால், பொற்கொல்லரிடம் போகும் முன் டாக்டரிடம் போவது நல்லது.

தயாரிப்பு உரிம எண், தயாரிப்பாளரின் முழு முகவரி, பாட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி தேதி, உட்பொருள் பட்டியல் இவை இல்லாத டப்பா வேண்டாம். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளரின் இந்திய முகவரியும் ஒட்டியிருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியில் கொண்டுவருவதில் இது எதுவும் இருக்காது. பாசத்தோடு கொடுத்தார் என்பதற்காக முகத்தில் பூசிக்கொள்ள வேண்டியதில்லை, அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

மெடிக்கலில் கிடைக்கும் முகக்ரீம்

பாதரசத்துக்கு அடுத்தபடியாக நம் ஊர் முகங்களைக் கெடுத்தது ஸ்டீராய்டு. இது கள்ளச்சரக்கு அல்ல. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் டியூப் கணக்கில் விற்பது. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் முதலியவை கரப்பான், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு டாக்டர் அளந்து தரும் நல்ல மருந்துகள். இவற்றுடன் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் சேர்ந்த கலவை, மங்கு போன்ற கரும்படலத்துக்குச் சில வாரங்கள் மட்டும் பூசத் தரப்படுவது. அதைச் சிலர் ஆண்டுக்கணக்கில் தினசரி முகக்ரீமாக்கிவிட்டார்கள்.

2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்டின் 12 மையங்களில் முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரை மருத்துவர்கள் விசாரித்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 29 சதவீதத்தினருக்கு அது சிகப்பழகு க்ரீம், அல்லது பொதுவான முகப்பூச்சு. 59 சதவீதத்தினருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது டாக்டரே அல்ல. கடைக்காரர், தோழி, சொந்தக்காரர், பார்லர்க்காரர்.

பூசத் தொடங்கியதும் முகம் பளபளக்கும். பரு அடங்கும். மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, மூக்கின் இரு பக்கமும் சிவப்பு நரம்புகள் தெரியத் தொடங்கும். கன்னத்தில் முடி முளைக்கும். வெயிலில் போனால் எரியும். நிறுத்தினால் இரண்டே நாளில் முகம் செக்கச்செவேலென்று சிவந்து, பரு பொங்கி வரும். பயந்துபோய் மறுபடி பூசினால் உடனே அடங்கும். தோல் மருத்துவர்கள் இதை 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்றே அழைக்கிறார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச்' அட்டவணையில் சேர்த்தது. சீட்டு கேட்கும் கடை எத்தனை என்பது வாசகருக்கே தெரியும்.

இதிலிருந்து வெளியே வர டாக்டர் துணை வேண்டும். சட்டென்று நிறுத்தினால் முகம் பொங்குவதைத் தாங்க முடியாமல் பழைய டியூபுக்கே திரும்பிவிடுவார்கள். படிப்படியாகக் குறைப்பதா, மாற்று மருந்து தருவதா என்பதை அவர் முடிவு செய்வார். டியூபில் சிவப்புக் கோடு இருந்தால், அல்லது உட்பொருள் பெயர் 'சோன்' என்றோ 'சால்' என்றோ முடிந்தால், அதை முகத்தில் வைக்கும் முன் ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடுவது உசிதம்.

மருதாணி சிவக்கும், கறுக்காது

தலைக்கு டை அடிப்பவர்களின் கதை வேறு. இங்கே ஆபத்து லேபிளில் அச்சடித்தே இருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

நிலைத்து நிற்கும் கறுப்பு டை பெரும்பாலானவற்றின் உயிர்நாடி பாரா-ஃபினைலின்டைஅமீன், சுருக்கமாக பிபிடி. நிறமில்லாத மிகச் சிறிய மூலக்கூறாக முடிக்குள் நுழைந்து, கூடவே கலக்கும் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றமாகி, பெரிய கறுப்பு மூலக்கூறாகி உள்ளேயே தங்கிவிடும். நூறாண்டுக்கு மேலாக இதற்கு ஈடான மாற்று வரவில்லை. அதே சிறிய மூலக்கூறு தலைத்தோலுக்குள்ளும் நுழையும் என்பதுதான் சிக்கல். சிலருடைய உடம்பு அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். பத்து வருடமாக அதே டை அடிக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை என்பவருக்குப் பதினோராம் வருடம் ஒரு காலையில் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கும். காது மடலில் கொப்புளம், நெற்றி ஓரத்தில் நீர்க்கசிவு, தாங்க முடியாத அரிப்பு. ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுதும் இருக்கும். போகப் போக அதே குடும்பத்து ரசாயனங்களான சில துணிச்சாயம், சில மரத்துப்போகச் செய்யும் மருந்துகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அமெரிக்காவில் 1933 வாக்கில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் விற்பனைக்கு வந்தது. பிபிடி கலந்த அதைப் பூசிய பல பெண்களுக்குப் பார்வை போனது, ஒருவர் இறந்தார். அப்போதிருந்த சட்டத்தில் அழகுப் பொருளைத் தடுக்க அதிகாரிகளுக்கு வழியே இல்லை. 1938-இல் அந்நாடு அழகுப் பொருட்களையும் சட்டத்தின் கீழ் கொண்டுவந்ததற்கு அந்தக் கண்களும் ஒரு காரணம். நம் ஊர் டை பாக்கெட்டிலும் புருவத்துக்கும் இமைக்கும் பூசக் கூடாது, பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை சட்டப்படி அச்சாகிறது. மீசைக்கு அடித்த மிச்சத்தைப் புருவத்தில் இழுத்துவிடுபவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

அதே பாக்கெட்டில் சோதனை முறையும் இருக்கும். செய்வது சுலபம். முழங்கையின் உட்புறத்திலோ காதுக்குப் பின்னாலோ ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். தலைக்குக் கலக்குவது போலவே கொஞ்சம் டையும் டெவலப்பரும் கலந்து, அங்கே பூசிக் காய விட வேண்டும். பாக்கெட்டில் 24 மணி நேரம் என்று எழுதியிருக்கும். இந்த அலர்ஜி மெதுவாகத் தலைகாட்டுவது என்பதால் 48 மணி நேரம் பார்ப்பது மேல். சிவப்போ, தடிப்போ, அரிப்போ இருந்தால் அந்தப் பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். முதல் தடவைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் இந்தச் சோதனை வேண்டும் என்று விதியே சொல்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு டை அடிக்க உட்காருபவருக்கு 48 மணி நேரம் எங்கே கிடைக்கும்?

'ஹெர்பல்', 'நேச்சுரல்', 'கறுப்பு மருதாணி' என்ற பெயர்கள் இதைவிட மோசமாக ஏமாற்றுகின்றன. மருதாணி இலையிலுள்ள சாயம் ஆரஞ்சிலிருந்து செஞ்சிவப்பு வரைதான் போகும். கால் மணி நேரத்தில் கறுக்கும் மருதாணி என்றால் அதற்குள் பிபிடி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் தலைமுடிச் சாயத்துக்குக் கலந்த பிறகு 2 சதவீதம் என்பதே உச்ச வரம்பு. கோயில் திருவிழாவிலும் கடற்கரையிலும் கையில் வரையும் கறுப்பு மெஹந்தியில் அதைப் பலமடங்கு தாண்டிய அளவுகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. அது நேராகத் தோலில் மணிக்கணக்கில் கிடக்கிறது. குழந்தையின் கையில் கோலம் கொப்புளமாக எழும்பும். பிறகு இருபது வருடம் கழித்து அந்தக் குழந்தை முதல்முறை டை அடிக்கும்போது முகம் வீங்கும். மெய்யாகவே ரசாயனம் இல்லாத கறுப்பு வேண்டுமென்றால் மருதாணி பூசிக் கழுவிய பிறகு அவுரி இலைப் பொடி பூசும் இரண்டு கட்ட வழி இருக்கிறது. அரை நாள் போகும், நிறமும் ஆளுக்கு ஆள் மாறும்.

டை பாக்கெட்டைச் சின்னக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சை அடைக்கும், தசையும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். அப்போது வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரி.

பார்லரில் எரியும் கண்

ஸ்மூத்தனிங், கெரட்டின் என்று பல பெயரில் நடக்கும் முடி நேராக்கும் சிகிச்சையில், பூசிய க்ரீமின் மேல் சூடான இரும்புப் பட்டையை இழுக்கும்போது புகை எழும். கண் கரிக்கும், மூக்கில் நீர் வடியும். அந்தப் புகை ஃபார்மால்டிஹைடாக இருக்கலாம். உடலைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலின் அதன் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. 2010-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 'பிரேசிலியன் ப்ளோஅவுட்' என்ற பொருளைப் பரிசோதித்தபோது, 'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்று எழுதிய பாட்டிலில் அது சராசரியாக 8 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. 'மெத்திலீன் க்ளைகால்' என்று எழுதியிருந்தாலும் பொருள் அதுதான், சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வெளியேறும்.

2022-இல் அமெரிக்காவில் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு வந்தது. முடி நேராக்கும் பொருட்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். ஆண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். அந்தப் பொருட்களில் எது காரணம் என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. 4 சதவீதம் என்பது பெரிய எண்ணும் அல்ல. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்லர் போவதை வழக்கமாக்கிக்கொண்டவர் யோசிக்க இது போதும்.

ஃபார்மால்டிஹைடுக்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலம் இன்னொரு கதவைத் திறந்தது. 2024 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் இளம்பெண்ணின் விவரம் வந்தது. 2020, 2021, 2022 என மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் தலைத்தோல் எரிந்தது. அன்றே வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முதுகு வலி, கூடவே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. பூசிய க்ரீமில் அந்த அமிலம் 10 சதவீதம் இருந்தது. ஆய்வாளர்கள் அதை எலிகளின் தோலில் பூசிப் பார்த்தார்கள். சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் சேர்ந்தன. தோலில் பூசியது ஆக்ஸலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் போய்த் தேங்குகிறது என்பது அவர்கள் கண்டது. இஸ்ரேலில் 2019-க்கும் 2022-க்கும் இடையில் இதேபோல 26 பேர் பதிவாகியிருந்தார்கள்.

பார்லரில் உட்காரும் முன் பாட்டிலைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், தவறே இல்லை. இன்னொரு டப்பாவுக்கு மாற்றி ஊற்றியிருந்தால் எழுந்து வந்துவிடலாம். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் வாடிக்கையாளருக்கு. ஏசி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாளெல்லாம் இந்தப் புகையிலேயே நிற்கும் அந்தப் பார்லர்ப் பெண்ணுக்கு, பெரும்பாலும் ஒரு கையுறைகூடத் தரப்படுவதில்லை.

நெற்றியும் கண்ணும்

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் அதே வட்டத்தில் வெள்ளை விழுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதன் பசையில் இருக்கக்கூடிய பாரா-டெர்ஷியரி-பியூட்டைல்ஃபீனால் நிறமணுக்களைக் கொல்வது. பொட்டை நிறுத்தினால் சிலருக்கு நிறம் திரும்பும், சிலருக்கு வெள்ளை அந்த வட்டத்தையும் தாண்டிப் பரவும். ஜப்பானில் கனேபோ நிறுவனம் 'ரோடோடென்ட்ரால்' என்ற வெளுப்புப் பொருளை, அரசு அனுமதி பெற்றே, க்ரீம்களில் சேர்த்தது. 19,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் திட்டுத்திட்டாக வெள்ளை விழுந்து, 2013 ஜூலையில் 54 பொருட்களைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. நெற்றியில் அரிப்போ லேசான வெளுப்போ தெரிந்த அன்றே பொட்டை விட்டுவிட வேண்டும், வேறு பிராண்டுக்கு மாறிப் பார்ப்பது சோதனை ஆகாது. குங்குமத்துக்குப் போகிறவர்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த பழைய குங்குமத்தையும் சாயம் ஏற்றிய பளீர்ச் சிவப்பையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. வடநாட்டுச் சிந்தூரத்தில் ஈயம் ஒரு பெரிய தலைவலி. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 118 மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. சிலவற்றில் எடையில் 1 சதவீதத்துக்கும் மேல்.

குழந்தைக்குக் கண் மை வைக்கும் வழக்கத்தில் சண்டை போடப் பாட்டியிடம் போக வேண்டியதில்லை. விளக்குக் கரியைப் பிடித்து விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த வீட்டு மையில் ஈயம் இருக்காது. கடையில் வாங்கும் சுர்மா, சில காஜல்களில் ஈய சல்ஃபைடு இருக்கலாம். குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைத்துக்கொள்ளும், ஈயம் மூளை வளரும் பருவத்தில் உள்ளே போகும். ஆனாலும் வீட்டு மையையே கண்ணுக்குள் இழுக்க வேண்டாம், அதில் கிருமி தொற்றும். கன்னத்திலோ உள்ளங்காலிலோ திருஷ்டிப் பொட்டாக வைத்தால் பாட்டியும் சமாதானமாவார்.

குழந்தைப் பவுடருக்கும் ஒரு வரி. 1972-இல் பிரான்சில் ஒரு பவுடரில் கிருமிநாசினியான ஹெக்ஸாகுளோரோஃபீன் தவறுதலாக 6 சதவீதம் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்தன. இப்போதைய கவலை டால்க். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2024 ஜூலையில் அதை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்ற வரிசைக்கு ஏற்றியது. குழந்தைக்குப் பவுடர் அவசியமே இல்லை. போட்டே ஆக வேண்டுமானால் அதன் முகத்துக்கு மேல் உதறாமல், தள்ளி நின்று கையில் எடுத்துத் தடவலாம்.

பாராபென் விரட்டப்பட்ட கதை

இனி, பயப்படுகிற இடத்துக்கு. பாராபென் என்பது க்ரீமில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளராமல் தடுக்கும் பொருள். 2004-இல் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20 மார்பகக் கட்டிகளில் அதைக் கண்டார்கள். கட்டியில்லாத திசுவோடு அவர்கள் ஒப்பிடவில்லை, இதுதான் காரணம் என்று சொல்லவும் இல்லை. செய்தி மட்டும் உலகம் சுற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் சில பாராபென்களைத் தடைசெய்தது, புரோப்பைல், பியூட்டைல் வகைகளுக்கு வரம்பைக் குறைத்தது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டயாபர் இடத்தில் பூசும் பொருட்களில் இவ்விரண்டையும் விலக்கியது. மெத்தில், எத்தில் பாராபென்கள் இன்றும் அங்கே அனுமதிக்கப்பட்டவை.

நிறுவனங்கள் 'பாராபென் இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ள, கிருமியைத் தடுக்க வேறொன்று தேவைப்பட்டது. மெத்தில் ஐசோதையசோலினோன் என்ற பொருள் அப்படிப் பரவியது. சில ஆண்டுகளில் தோல் மருத்துவமனைகளில் புதிய அலர்ஜிக்காரர்கள் குவிந்தார்கள். ஈரத் துடைப்பான், சன்ஸ்கிரீன், ஷாம்பு எல்லாவற்றிலும் அது இருந்தது. அமெரிக்கத் தொடு-ஒவ்வாமைச் சங்கம் 2013-இல் அதை அந்த ஆண்டின் அலர்ஜிப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பா, பூசி விட்டுவிடும் பொருட்களில் அதை 2017-இல் தடுத்தது. அதே அமெரிக்கச் சங்கம் 2019-இல் பாராபென்னை அந்த ஆண்டின் 'அலர்ஜி அல்லாத' பொருளாக அறிவித்தது. விரட்டியது சாது, உள்ளே விட்டது முரடு.

இயற்கை என்பதும் தனிச் சான்றிதழ் ஆகாது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வறிக்கையில், லாவெண்டர், டீ-ட்ரீ எண்ணெய் கலந்த பொருட்களைப் பூசிய மூன்று சிறுவர்களுக்கு மார்பு வளர்ந்து, நிறுத்தியதும் அடங்கிய விவரம் இருக்கிறது. வீட்டில் அரைத்து ஃபிரிட்ஜில் வைக்கும் பேஸ்ட்டும் மூன்று நாளுக்கு மேல் போனால் கிருமிக்குத்தான் உணவு. உண்மையில் அலர்ஜியை அதிகம் கொடுப்பது வாசனை. லேபிளில் 'பர்ஃப்யூம்', 'ஃபிராக்ரன்ஸ்' என்ற ஒரு சொல்லுக்குள் பல டஜன் பொருட்கள் இருக்கலாம். கரப்பான் உள்ளவர்களும் கைக்குழந்தை வீட்டுக்காரர்களும் வாசனை சேர்க்காததை வாங்குவது எல்லா 'ஃப்ரீ' விளம்பரங்களையும்விடப் பயன் தரும்.

பட்டியலைப் படிப்பது

இந்திய விதிப்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்கள் அளவின் இறங்குவரிசையில் வரும். அதற்குக் கீழ் உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். பட்டியலில் 'ஃபீனாக்ஸி எத்தனால்' என்ற பெயரைத் தேடினால் அந்த எல்லை ஓரளவு தெரிந்துவிடும். அது வழக்கமாக 1 சதவீதத்தைத் தாண்டாது. முன்பக்கத்தில் பெரிய படமாக இருக்கும் குங்குமப்பூவும் பாதாமும் பட்டியலில் அதற்குப் பின்னால் நின்றால், அவை பேருக்குத்தான் இருக்கின்றன. 'டிஎம்டிஎம் ஹைடான்டாயின்', 'குவாட்டர்னியம்-15', 'இமிடசோலிடினைல் யூரியா' என்பவை சிறிது சிறிதாக ஃபார்மால்டிஹைடை விடுபவை. ஷாம்புவில் இருந்தால் எல்லோரும் பதற வேண்டாம். ஏற்கெனவே தோல் ஒவ்வாமை உள்ளவர் தவிர்க்கலாம்.

ஏதாவது கோளாறு நேர்ந்தால், டை என்றால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். மூச்சுத் திணறலோ நாக்கு வீக்கமோ இருந்தால் அவசரப் பிரிவு. சிகப்பழகு க்ரீம் மாதக்கணக்கில் பூசியவர்கள் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம், செலவு அதிகமில்லை. டாக்டரிடம் டப்பாவையும் பில்லையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். மருந்துகளின் பக்கவிளைவைத் தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. ஸ்டீராய்டு டியூப்கள் இதில் வரும். உரிம எண் இல்லாத க்ரீம் விற்கும் கடையைப் பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம். பாதரசம் இருக்குமோ என்று சந்தேகம் வந்த டப்பாவைக் கழுவிவிட்டுச் சமையலறையில் உப்பு போட்டு வைக்க வேண்டாம், சாக்கடையிலும் கொட்ட வேண்டாம். இறுக மூடி, இரண்டு பாலித்தீன் பைக்குள் கட்டி, பரிசோதனைக்குக் கேட்கும்வரை குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்க வேண்டும்.